வான் ரீனன் கணவாயில் இறங்குவதற்கு முன்: மின் பிரேக் கேரவனும் அதன் கன்ட்ரோலரும்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் செய்த, இரண்டு அச்சு கொண்ட பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சாமான்களோடு அதன் உச்ச எடை 2,400 கிலோ. நான்கு சக்கரங்களிலும் மின் பிரேக். உங்கள் டபுள் கேப் பக்கியில், அதாவது இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப் வண்டியில், அதை இயக்கும் கன்ட்ரோலர் இல்லை. புனித வெள்ளித் திருவிழாவுக்கு, டர்பன் பக்கம் இருக்கும் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு வர வேண்டும். எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம், நானே பொருத்தலாமா, அதுவரை கேரவனைச் சும்மா இழுத்துக்கொண்டு போகலாமா என்று மூன்று கேள்விகள்.

நான் டர்பன் பக்கத்தில் வண்டிகளுக்கு மின்வேலை செய்பவன். கடைக்குப் போனால் முதலில் கன்ட்ரோலரைத்தான் எடுத்து மேசையில் வைப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் பேசுவேன். நல்ல கன்ட்ரோலரையும் கெட்டுப்போன வயரிங்கையும் சேர்த்துப் பார்த்ததுண்டு. சாதாரணக் கன்ட்ரோலரையும் ஒழுங்கான வயரிங்கையும் சேர்த்துப் பார்த்ததுண்டு. இரண்டாவது ஜோடியை நம்பி என் பிள்ளைகளை உட்கார வைப்பேன். முதலாவதை நம்ப மாட்டேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகமில்லை. டிரெய்லரின் உச்ச எடை 750 கிலோவைத் தாண்டினால் நம் நாட்டில் அதற்கு ஓடும்போது வேலை செய்யும் பிரேக் இருந்தாக வேண்டும். 3,500 கிலோ வரை ஓவர்ரன் பிரேக் (டிரெய்லரின் தள்ளலாலேயே பிடிக்கும் வகை) போதும். அதையும் தாண்டினால் ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய பிரேக் வேண்டும். உங்களுடையது 2,400 கிலோ. கன்ட்ரோலர் இல்லாத மின் பிரேக் என்றால் பிரேக்கே இல்லை என்றுதான் பொருள். சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் எல்லாம் புதிதாக இருந்தாலும் சரி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான். அப்படியே உங்கள் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். பி வகை உரிமத்தில் 750 கிலோவுக்கு மேல் டிரெய்லர் இழுக்க முடியாது, ஈபி வேண்டும். நம்மவர்களில் பழைய அட்டையைப் புதுப்பித்தவர்கள் பலருக்கு ஈபிதான் இருக்கும். இளைஞர்கள் சிலர் பி மட்டும் வைத்துக்கொண்டு கேரவன் வாங்கிவிடுகிறார்கள்.

நம் ஊர்க் கேரவன்களில் பெரும்பாலானவை ஓவர்ரன் வகை. வண்டி வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கியின் தண்டை உள்ளே அழுத்திப் பிரேக்கைப் பிடிக்கும். மின்சாரமே வேண்டாம், எந்த வண்டியிலும் மாட்டலாம். அதனால்தான் இங்கே பல மெக்கானிக்குகளுக்கு மின் பிரேக் அவ்வளவு பழக்கமில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கதை வேறு. விஸ்கான்சின் மாநிலத்தின் பெலோயிட் ஊரில் ஏ.பி. வார்னர் என்பவர் 1920களில் டிரெய்லருக்கான மின் பிரேக்கைச் செய்து விற்கத் தொடங்கினார். காருக்கு வேகமானி செய்து பணம் பார்த்த அதே மனிதர்தான். அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை: டிரம்முக்குள் ஒரு மின்காந்தம், மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்பரப்பில் ஒட்டி இழுபடும், இழுபடும்போது ஒரு நெம்புகோலைத் திருகும், நெம்புகோல் பிரேக் ஷூக்களை விரிக்கும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு பிடி. கன்ட்ரோலரின் வேலை அந்த மின்சாரத்தை அளந்து கொடுப்பது, அவ்வளவுதான்.

இந்தப் பிடி உங்களுக்கு ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. 2,400 கிலோ எடை 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 0.93 மெகாஜூல். அதே எடை 100 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது கழித்தாக வேண்டிய ஆற்றல் சுமார் 2.35 மெகாஜூல். அதாவது வேகத்தைக் கூட்டாமல் இறங்கும் ஒவ்வொரு 100 மீட்டரும், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டரை முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை உங்கள் எஞ்சினும் பிரேக்குகளும்தான் சுமக்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கடல் மட்டத்துக்கு வர நீங்கள் இறங்குவது சுமார் 1,700 மீட்டர். அதில் பெரும்பங்கு ஹாரிஸ்மித்துக்கு இந்தப் பக்கம்: வான் ரீனன் கணவாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில், பிறகு கீ ரிட்ஜ். கேரவனுக்குத் தன் பிரேக் இல்லையென்றால் அதன் பங்கையும் பக்கியின் முன்சக்கர டிஸ்க்குகளே எரித்துத் தீர்க்க வேண்டும்.

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். அது கன்ட்ரோலரில் இல்லை, பிளக்கில் இருக்கிறது.

ஆஸ்திரேலியக் கேரவனில் தட்டையான ஏழு முனை பிளக் இருக்கும். நம் பக்கியில் வட்டமான ஏழு முனை சாக்கெட். மாட்டாது. என்ன செய்வார்கள்? பழைய பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் வட்டப் பிளக்கை வைப்பார்கள். எண் பார்த்து, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று கம்பிகளைத் திருகுவார்கள். இடது, வலது சிக்னல் சரியாக எரியும், பிரேக் விளக்கு சரியாக எரியும், ஏனென்றால் 1, 3, 4, 6 ஆகிய முனைகள் இரண்டு நாட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எல்லாம் சரி என்று கையைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் ஆஸ்திரேலிய முறையில் 5ஆம் முனை மின் பிரேக்குக்கு உரிய நீலக் கம்பி. நம் முறையில் 5ஆம் முனை வலப்பக்கத்துப் பின்விளக்கு.

இதன் விளைவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பகலில் விளக்கில்லாமல் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. வான் ரீனன் உச்சியில் பனிமூட்டம் இறங்கியதும் விளக்கைப் போடுவீர்கள். அந்த நொடியில் நான்கு பிரேக் காந்தங்களுக்கும் பின்விளக்குக் கம்பி வழியாக மின்சாரம் போகும். அந்தக் கம்பியின் ஃபியூஸ் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது. எரிந்து போனால் பனிமூட்டத்தில் பின்விளக்கில்லாமல் நிற்பீர்கள். ஃபியூஸ் தாங்கிவிட்டால் அது அதைவிட மோசம். பிரேக்குகள் பிடித்தபடியே இழுபடும், டிரம்கள் சிவக்கச் சூடாகும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் வண்டி ஏனோ மந்தமாக இழுக்கிறது, டீசல் அதிகம் குடிக்கிறது என்பது மட்டும். பிறகு இறக்கம் வந்து உண்மையாகப் பிரேக் தேவைப்படும்போது, காய்ந்து போன ஷூக்களில் பிடி இருக்காது. என்னிடம் வந்த கேரவன்களில் இப்படிக் கம்பி மாறியவை உண்டு. அவற்றில் வேலை செய்த கைகள் அனுபவமுள்ளவைதான். மின் பிரேக் என்ற ஒன்றை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே உங்களுடைய முதல் வேலை: கேரவனின் பிளக்கைத் திறந்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று மல்ட்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். ஆஸ்திரேலிய முறையில் பழுப்பு நிறக் கம்பி ஒன்றே எல்லாப் பின்விளக்குக்கும். அது 7ஆம் முனையில் இருக்கும். நம் முறையில் 7ஆம் முனை இடப் பின்விளக்கு மட்டும். கேரவனின் விளக்குகளை 7ஆம் முனையிலிருந்து மட்டும் ஊட்டிவிட்டு 5ஐ வெறுமையாக விடுவது எளிது. 5ஐயும் 7ஐயும் பிளக்குக்குள்ளேயே இணைத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் பக்கியின் இரண்டு பக்க விளக்குச் சுற்றுகளும் ஒன்றாகக் கலந்துவிடும். இன்றைய வண்டிகளின் கணினிக்கு அது பிடிக்காது.

பிரேக்குக்கான நீலக் கம்பியை எங்கே கொண்டுபோவது? வட்டப் பிளக்கின் 2ஆம் முனைக்கு மாற்றலாம் என்று பலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த முனை சில வண்டிகளில் பின்பக்க மூடுபனி விளக்குக்குப் போகிறது, சிலவற்றில் குளிர்பெட்டிக்கு நிலையான மின்சாரம் தருகிறது. நாளை உங்கள் மைத்துனர் தன் டிரெய்லரை உங்கள் பக்கியில் மாட்டினால், நீங்கள் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் ஏதோ ஒன்றுக்கு மின்சாரம் துடிக்கும். அவர் பக்கி உங்கள் கேரவனை இழுத்தாலோ, குளிர்பெட்டிக்கான மின்சாரம் உங்கள் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் செய்வது தனி இணைப்பு. 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் ஒன்றை பிரேக்குக்கு மட்டும் வைத்து, அதில் ஒரு கம்பி பிரேக்குக்கு, மற்றது எர்த்துக்கு. கேரவன் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஏற்கெனவே ஒரு ஆண்டர்சன் இருந்தால் பிரேக்குக்கு வேறு நிறம் வாங்குங்கள். இந்தப் பிளக்குகளில் நிறம் மாறினால் ஒன்றோடொன்று பொருந்தாது. இருட்டில் மாற்றி மாட்டும் பயம் போய்விடும். எர்த்தைத் தனியாகக் கொண்டுவருவதில் இன்னொரு நன்மை. விளக்குகளுக்கான 3ஆம் முனையில் துருப்பிடித்தால், பிரேக் மின்சாரமும் அதே வழியில் திரும்பும்போது விளக்குகள் மங்கும், பிரேக்கும் பலவீனமாகும். தனி வழி இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்கக் கேரவன் வாங்கியவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி: அங்கே பிரேக் விளக்கும் சிக்னலும் பல வண்டிகளில் ஒரே சிவப்பு விளக்கில் இருக்கும். பிளக் மாற்றினால் மட்டும் போதாது, பின்விளக்குகளையே மாற்றி மஞ்சள் சிக்னல் வைக்க வேண்டும்.

அடுத்தது கம்பியின் தடிமன். ஒவ்வொரு காந்தமும் முழுப் பிடியில் சுமார் 3 முதல் 4 ஆம்பியர் எடுக்கும். நான்கு காந்தங்களுக்கு 12 ஆம்பியர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பக்கியின் பேட்டரியிலிருந்து கேரவனின் அச்சு வரை போகப் பன்னிரண்டு மீட்டர், எர்த் வழியே திரும்பப் பன்னிரண்டு மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் விளக்குக் கம்பியில் இதைக் கொண்டுபோனால், பேட்டரியில் 13 வோல்ட் இருந்தாலும் வழியிலேயே கிட்டத்தட்ட 3 வோல்ட் தொலைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 1.2 வோல்ட். 6 சதுர மில்லிமீட்டரில் 0.9 வோல்ட்டுக்கும் குறைவு. பிடியின் பலம் மின்சாரத்தைப் பொறுத்தது என்பதால் இந்த 3 வோல்ட் சின்ன விஷயமல்ல. கன்ட்ரோலரை உச்சத்தில் வைத்தும் பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிறவர்களில் பலருடைய கன்ட்ரோலர் நன்றாகவே இருக்கிறது. கம்பிதான் மெலிந்து கிடக்கிறது. நான் பக்கியில் 6, கேரவனில் 4க்குக் குறையாமல் போடுகிறேன். இன்னும் ஒன்று: கம்பிகளின் மேலுறையில் எழுதியிருக்கும் எண் சில நேரம் உறையையும் சேர்த்த விட்டம்; உள்ளே செம்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது கன்ட்ரோலர்.

இரண்டு சாதி. ஒன்று நேரம் பார்த்து வேலை செய்வது. நீங்கள் பிரேக்கைத் தொட்டதும், பிரேக் விளக்கு எரிந்த சைகையை எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே வைத்த அளவு வரை மின்சாரத்தை மெல்ல ஏற்றும். நீங்கள் லேசாகத் தொட்டீர்களா, உயிர் பயத்தில் மிதித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. மற்றது வேகம் குறையும் அளவைத் தானே உணர்ந்து, அதற்கு ஏற்ற அளவில் மின்சாரம் கொடுப்பது. ஈஸ்டர் நெரிசலில் மூய் ரிவர் சுங்கச்சாவடி வரிசையில் அடி அடியாக நகரும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். முதல் சாதியில் ஒவ்வொரு முறையும் கேரவன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். பின் இருக்கையில் இருப்பவர்களின் தேநீர் மடியில் கொட்டும். இரண்டாவதில் கேரவன் இருப்பதே தெரியாது. விலை வித்தியாசம் இருந்தாலும் 2,400 கிலோவுக்கு நான் முதல் சாதியைப் பரிந்துரைக்க மாட்டேன். விறகும் மணலும் ஏற்றும் சிறு டிரெய்லருக்கு அது போதும்.

வேகம் உணரும் சாதியிலும் பழைய ஊசல் வகை உண்டு, டெகோன்ஷா வாயேஜர் போல. உள்ளே ஒரு சிறு ஊசல். அதைச் சமமாக நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். இறக்கத்தில் ஊசல் தானாகவே முன்னால் சாய்வதால் பிடி கூடும், ஏற்றத்தில் குறையும். உழைக்கும் சாமான்தான், ஆனால் இன்று புதிதாக வாங்குவதற்குக் காரணமில்லை. அதே நிறுவனத்தின் பி2, பி3 வகைகள் மின்னணு உணரி கொண்டவை. முன்பின் திசைக்கு நேராகப் பொருத்தினால் போதும், சாய்வைத் தாமே சரிசெய்துகொள்ளும். பி3இல் திரை இருக்கிறது, கோளாறு இருந்தால் எழுத்தில் காட்டும். தொடக்கப் பிடியைக் கூட்டும் மூன்று படிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலீட் இன்னொரு நல்ல தேர்வு. அதன் பெட்டியை டாஷ்போர்டுக்குப் பின்னால் எந்தக் கோணத்திலும் மறைத்து வைத்துவிட்டு, ஒரு சிறு குமிழை மட்டும் வெளியே வைக்கலாம். முதல் சில பிரேக்குகளில் அது தன் திசையைத் தானே கற்றுக்கொள்ளும். வேகத்தை உணரும் முறையோடு, நீங்கள் வைத்த அளவே கிடைக்கும் இன்னொரு முறையும் அதில் இருக்கிறது. டிராக்கன்ஸ்பர்க் பக்கம் சரளைப் பாதையில் இறங்கும்போது அது உதவும்.

உங்கள் பக்கிக்கும் கேரவனுக்கும் நான் எலீட்டைத் தேர்வேன். காரணம் அதன் பெருமை அல்ல, உங்கள் முழங்கால். டபுள் கேப் வண்டிகளில் ஸ்டீயரிங் அடியில் இடம் குறைவு. அங்கே ஒரு பெட்டி தொங்கினால் விபத்தில் காலில்தான் குத்தும். திரையைப் பார்த்துக் கோளாறைப் படிக்க விரும்புகிறவர் பி3 வாங்கலாம், அதிலும் குறையில்லை. கைபேசியால் இயக்கும் வகைகள் எனக்கு உடன்பாடில்லை. கேரவன் ஆடத் தொடங்கும் நொடியில் கை தேடும் இடத்தில் ஒரு குமிழ் இருக்க வேண்டும், கண்ணாடித் திரை இருக்கக் கூடாது. இன்னொரு வகை, கன்ட்ரோலரையே கேரவனில் பொருத்துவது. அண்ணன், தம்பி, மாமா என்று மூன்று வண்டிகள் மாறி மாறி இழுக்கும் குடும்பத்துக்கு அது பொருந்தும். புதிய ஃபோர்ட் ரேஞ்சர் போன்றவற்றின் சில வகைகளில் தொழிற்சாலையிலேயே கன்ட்ரோலர் வருகிறது. புதுப் பக்கி வாங்க நினைப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

நீங்களே பொருத்தலாமா என்று கேட்டீர்கள். சாலிடரிங் தெரிந்து, மல்ட்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் பொருத்தலாம். இந்தக் கன்ட்ரோலர்களில் நான்கு கம்பிகள்தான். கறுப்பு, பேட்டரியின் நேர்முனைக்கு. வெள்ளை, எர்த்துக்கு. சிவப்பு, பிரேக் மிதியில் இருக்கும் சுவிட்சுக்கு. நீலம், கேரவனின் பிரேக்குக்கு. கறுப்பை நேராகப் பேட்டரியிலிருந்து இழுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தோ உட்புற ஃபியூஸ் பெட்டியிலிருந்தோ எடுக்க வேண்டாம். பேட்டரிக்குப் பக்கத்தில், தானே மீளும் சர்க்யூட் பிரேக்கர் ஒன்று வையுங்கள். இரண்டு அச்சுக்கு 20 அல்லது 30 ஆம்பியர். கையேடு எதைச் சொல்கிறதோ அது. சாதாரண ஃபியூஸ் எரிந்தால் அந்தப் பயணம் முழுக்கப் பிரேக் போய்விடும். தானே மீளும் வகை சற்று ஆறியதும் திரும்ப வேலை செய்யும்.

தவறு நடப்பது சிவப்பில்தான். மிதியை மிதிக்கும்போது மட்டும் 12 வோல்ட் வரும் கம்பியைத்தான் பிடிக்க வேண்டும். சிலர் சோம்பல்பட்டுப் பின்பக்க டிரெய்லர் சாக்கெட்டிலிருந்து அந்தச் சைகையை எடுக்கிறார்கள். பிரேக் விளக்கும் அபாய விளக்கும் கலந்த கம்பியாக அது இருந்துவிட்டால், நீங்கள் அபாய விளக்கைப் போட்டதும் கேரவன் அதே தாளத்தில் பிடித்து விடும், பிடித்து விடும். இன்னும் சில புதிய வண்டிகளில் பிரேக் சைகை நேரடிக் கம்பியாக வராமல் கணினி வழியே போகிறது. அங்கே கம்பியைச் சுரண்டி இணைக்க வேண்டாம். அந்த வண்டிக்கென்றே விற்கும் இணைப்பை வாங்குங்கள். காற்றுப்பை இருக்கும் பகுதிகளில் துளையிட வேண்டாம். அமெரிக்கக் கையேடுகளில் படம் இடப்பக்க ஸ்டீயரிங்குக்கு வரைந்திருக்கும். நமக்கு வலப்பக்கம் ஸ்டீயரிங், ஆகவே குமிழை ஸ்டீயரிங்குக்கு இடப்புறம், இடக்கை கியரிலிருந்து நேராகப் போகும் இடத்தில் வையுங்கள்.

கன்ட்ரோலரைப் பொருத்தியதும் ஓடிப்போய்ச் சோதிக்க வேண்டும் என்று கை துடிக்கும். பொறுங்கள், டிரம்மைத் திறக்காமல் எதையும் அளவு வைக்க முடியாது. பழைய கேரவன் என்றீர்கள். யார் எப்போது பார்த்தார்களோ. ஒவ்வொரு காந்தத்தின் மின்தடையையும் அளங்கள். நான்கும் கிட்டத்தட்ட 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும், நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அதை மாற்றுங்கள். மாற்றும்போது அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுவது நல்லது. காந்தத்தின் முகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, ஷூவில் கிரீஸ் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் குடித்த ஷூவைக் கழுவிப் பயன்படுத்துவதில் பொருளில்லை. டர்பனில் கடலுக்குள் இறங்கும் படகு டிரெய்லர்களில் உப்புநீர் இந்தக் காந்தங்களைத் தின்றே விடுகிறது. படகுக்காரர்கள் மின் பிரேக்கை நெருங்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, பின்தட்டின் துவாரம் வழியே, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரத்தைத் திருப்புங்கள். சக்கரம் கையால் சுற்றவே கடினம் என்னும்வரை இறுக்கி, பின் லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்துங்கள். நான்கிலும் ஒரே மாதிரி. இந்த இடைவெளி அதிகமானால் நெம்புகோல் தன் பயணம் முழுவதையும் காலியாகச் செலவிட்டுவிடும்; எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் பிடிக்காது. ஷூ புதிதென்றால் முதல் 300 கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை, அதன்பின் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகள் பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான்.

இனி அளவு வைத்தல், அதாவது கன்ட்ரோலர் உச்சமாக எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம் என்று முடிவுசெய்வது. சமதளமான, ஈரமில்லாத, ஆளில்லாத தார்ச்சாலை வேண்டும். ஞாயிறு காலையில் தொழிற்பேட்டைச் சாலைகள் உதவும். கேரவனில் பயணத்துக்கு உரிய சாமான்களை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். காலியாக வைத்து அளவு எடுத்தால் பயணத்தில் பிடி போதாது. புது ஷூ என்றால் முதலில் பதப்படுத்த வேண்டும்: 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், கன்ட்ரோலரின் கைப்பிடியால் (எலீட்டில் அந்தக் குமிழை அழுத்துவதே கைப்பிடி) கேரவன் பிரேக்கை மட்டும் பிடித்து 30க்குக் கொண்டுவாருங்கள், கொஞ்சம் ஆற விடுங்கள், மறுபடியும். இருபது முப்பது முறை செய்தால் ஷூ டிரம்மோடு படியும். பழைய ஷூவுக்குச் சில முறை போதும், சூடேற்றுவதற்காக.

அளவை நடுவில் வைத்து 40 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். காலைப் பிரேக்கில் வைக்காமல் கைப்பிடியை முழுதாக அழுத்துங்கள். கேரவன் வண்டியைத் தெளிவாகப் பின்னால் இழுக்க வேண்டும். போதவில்லையென்றால் கூட்டுங்கள். கேரவனின் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் குறையுங்கள். பூட்டும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவே உங்களுடையது. பக்கிக்குள் இருந்துகொண்டு சக்கரம் பூட்டியதா என்று கண்டுபிடிக்க முடியாது; சாலையோரம் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே வேகத்திலிருந்து காலால் சாதாரணமாகப் பிரேக் பிடியுங்கள். கேரவன் கொக்கியில் முட்டித் தள்ளக் கூடாது, பின்னால் சுண்டவும் கூடாது. தொடக்கத்தில் மட்டும் முட்டினால் பி3 போன்றவற்றில் தொடக்கப் பிடியின் படியை ஒன்று கூட்டுங்கள். மொத்த அளவைத் தொட வேண்டாம்.

அளவு முடிந்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, டிரம்களுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். நான்கிலும் சூடு ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று குளிர்ந்திருந்தால் அங்கே பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே விடவில்லை. மழை, சரளை, காலி கேரவன் என்று எது மாறினாலும் அளவும் மாறும். ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுளுக்கும் அதுவே என்று நினைக்க வேண்டாம்.

அந்தக் கைப்பிடிக்கு இன்னொரு வேலை உண்டு. ஓவர்ரன் பிரேக்கால் அதைச் செய்யவே முடியாது. ஹாரிஸ்மித் சமவெளியில் குறுக்குக் காற்று அடிக்கும்போதோ, பெரிய லாரி முந்திச் செல்லும்போதோ கேரவன் பாம்பாக நெளியத் தொடங்கும். மனிதனின் முதல் உணர்வு பிரேக்கை மிதிப்பது. மிதித்தால் பக்கி வேகம் குறைந்து, கேரவன் இன்னும் தள்ளி, நெளிவு பெருகும். காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்துங்கள். கேரவன் பின்னாலிருந்து இழுத்துத் தானே நேராகும். இதை நெளியும்போது முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். அளவு வைக்கும் அன்றே கை பழகட்டும். அடிக்கடி நெளிந்தால் பிரேக்கைக் குறை சொல்லாமல் சாமானை முன்னால் நகர்த்துங்கள். பின்பாரம்தான் காரணமாக இருக்கும்.

இறக்கத்தில் கன்ட்ரோலரை நம்பிப் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். டிரம் பிரேக் சூடானால் பிடியை இழக்கும். மேலே சொன்ன மெகாஜூல் கணக்கு அதற்குத்தான். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியரில் எஞ்சினைப் பிடிக்க விட்டு, இடையிடையே உறுதியாக ஒருமுறை பிடித்து விடுங்கள். 2013 செப்டம்பர் 5 அன்று ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி பிரேக் இல்லாமல் வந்து 24 பேரைக் கொன்றது. லாரியின் காற்றுப் பிரேக் வேறு, உங்களுடையது வேறு. சூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேரவனின் முன்பக்கம் ஒரு சிறு பேட்டரியும், கம்பி கட்டிய ஒரு முள்ளும் இருக்கும். கொக்கி கழன்று கேரவன் தனியே ஓடினால், முள் பிடுங்கிக்கொண்டு அந்தப் பேட்டரி முழுப் பிரேக்கைப் பிடிக்கும். 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவன்களில் ஆஸ்திரேலிய விதிப்படி இது கட்டாயம். குறைந்தது 15 நிமிடம் பிடித்து வைத்திருக்க வேண்டும். வாங்கிய கேரவனில் அந்தப் பேட்டரி செத்திருக்கவே வாய்ப்பு அதிகம், மாற்றிவிடுங்கள். அந்தக் கம்பியைப் பக்கியின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். கொக்கிக் குண்டில் மாட்டினால் குண்டோடு சேர்ந்து போகும். சங்கிலியில் மாட்டினாலும் அதே கதி. சோதிக்கும்போது கேரவனின் பிளக்குகளைப் பக்கியிலிருந்து கழற்றிவிட்டு முள்ளைப் பிடுங்குங்கள், இல்லையேல் அந்த மின்சாரம் பின்வழியாகக் கன்ட்ரோலருக்குள் போகும். பிடுங்கியபின் கேரவனைத் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது.

கடைசிக் கேள்வி: அதுவரை சும்மா இழுக்கலாமா? கூடாது, பக்கத்துத் தெருவுக்கும் கூடாது. வேலை செய்யும் இடத்துக்குக் கேரவனைக் கொண்டுபோக வேண்டுமென்றால், கன்ட்ரோலர் உள்ள வண்டி வைத்திருக்கும் ஒருவரைக் கேளுங்கள், அவர் சாக்கெட்டின் 5ஆம் முனையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். அப்படி யாரும் கிடைக்கவில்லையென்றால் வீட்டுக்கே ஆளை வரவழையுங்கள். கன்ட்ரோலரைப் பக்கியில் பொருத்துவதற்குக் கேரவன் தேவையில்லை. அந்தப் பாதியை முதலில் முடித்துவிடலாம். கேரவனின் டிரம்களை உங்கள் வீட்டு முற்றத்திலேயே திறந்து பார்க்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் எந்தப் பட்டறையிலும் இடம் கிடைக்காது, ஆகவே டிரம் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். காந்தமோ ஷூவோ வரவழைக்க வேண்டியிருந்தால் அதற்கும் நாள் பிடிக்கும்.